படலையைச் சாத்தினால் போதுமா? அங்கத்தவர்களுக்கு மட்டுமான இணையத்தளம்: ஓர் எளிய விளக்கம்

சென்ற சிறுபோகத்துக்குச் சற்று முன்னர், இரணைமடுக் குளத்தின் கீழுள்ள ஒரு கமக்கார அமைப்பின் செயலாளர் தங்கள் இணையத்தளத்தைக் காட்டுவதற்காக என்னை வீட்டுக்கு அழைத்திருந்தார். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானித்தபடி யாருக்கு எத்தனை ஏக்கர் என்ற பங்குப் பட்டியலை ஒரு பக்கத்தில் ஏற்றி, அந்தப் பக்கத்துக்குக் கடவுச்சொல்லும் இட்டிருந்தார். “பாஸ்வேர்ட் போட்டுத்தான் வைச்சிருக்கிறம் தம்பி, வெளியாள் ஒருத்தரும் பார்க்கேலாது” என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தப் பக்கத்தைத் திறந்தபோது அது கடவுச்சொல் கேட்டது. ஆனால் அவருடைய தகப்பனாரின் பெயரையும் ஊரின் பெயரையும் கூகுளில் தட்டச்சு செய்தபோது, அதே பட்டியலின் பிடிஎஃப் கோப்பு எந்தக் கேள்வியும் இல்லாமல் நேரே திறந்தது. பெயர், விலாசம், ஏக்கர், வங்கிக் கணக்கு இலக்கம், தேசிய அடையாள அட்டை இலக்கம் என ஐந்து நிரல்கள். அவர் கைபேசியை என்னிடமிருந்து வாங்கி, விரலால் பட்டியலைத் தள்ளிக்கொண்டே போய், தம்முடைய பெயர் வந்த இடத்தில் நிறுத்தினார்.

வன்னியில் இன்று பழைய மாணவர் சங்கங்கள், கடன் கூட்டுறவுச் சங்கங்கள், தனியார் கல்வி நிலையங்கள், மாதர் சங்கங்கள் எனப் பலரும் இணையத்தளம் வைத்திருக்கிறார்கள்; அவற்றில் “அங்கத்தவர் பகுதி” ஒன்றும் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசும்போது “லொக் பண்ணியாச்சு” என்ற ஒரே சொல்லால் முற்றிலும் வேறான நான்கைந்து ஏற்பாடுகளைக் குறிப்பிடுகிறோம். அவற்றில் சில உண்மையான பூட்டுகள். சில வெறும் திரைகள். பணம் செலவழித்தால்தான் நல்ல பூட்டுக் கிடைக்கும் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. அதுவும் சரியன்று. இந்த வேறுபாட்டைக் கணினி படிக்காதவரும் விளங்கிக்கொள்ளக்கூடியவாறு எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மறைப்பது வேறு, பூட்டுவது வேறு

முதலில் இரண்டு சொற்களை வரையறுத்துக்கொள்வோம். நம் கைபேசியிலோ கணினியிலோ இருந்துகொண்டு இணையப் பக்கங்களைக் காட்டும் செயலி உலாவி எனப்படும். குரோம், பயர்பொக்ஸ் ஆகியன உலாவிகள். அந்தப் பக்கங்களைத் தன்னிடம் வைத்திருந்து, உலாவி கேட்கும்போது அனுப்பிவைக்கும் தொலைதூரக் கணினி வழங்கி எனப்படும். இணையத்தில் நடப்பதெல்லாம் அடிப்படையில் இந்த இரண்டுக்கும் இடையிலான கேள்வியும் பதிலுமே.

அரிய நூல்களை வைத்திருக்கும் ஒரு நூலகத்தை எண்ணிப் பாருங்கள். அங்கே வாசகர் அலுமாரிக்குள் கை வைப்பதில்லை. ஒரு சீட்டில் நூலின் பெயரை எழுதி நூலகரிடம் கொடுப்பார். நூலகர் அங்கத்துவ அட்டையைப் பார்த்து, அதன் பின்னரே உள்ளே சென்று நூலை எடுத்து வருவார். அட்டை இல்லாதவருக்கு நூல் அலுமாரியை விட்டு வெளியே வருவதே இல்லை. இது பூட்டு. இன்னொரு நூலகத்தில் எல்லா நூல்களும் மேசையில் கிடக்கின்றன. சிலவற்றின் மேல் ஒரு துணியைப் போர்த்தி, “அங்கத்தவருக்கு மட்டும்” என்று எழுதிவைத்திருக்கிறார்கள். நல்ல மனிதர் துணியைத் தொடமாட்டார். மற்றவர் தூக்கிப் பார்ப்பார். இது மறைப்பு.

இணையத்தில் இந்தத் துணி பல வடிவங்களில் வருகிறது. முழுக் கட்டுரையையும் உலாவிக்கு அனுப்பிவிட்டு, அதன் மேல் “உள்நுழைக” என்ற பெட்டியை மிதக்கவிடும் தளங்கள் உண்டு. உலாவியில் பக்கத்தின் மூல நிரலை, அதாவது வழங்கி அனுப்பிய எழுத்தை அப்படியே, திறந்தால் கட்டுரை முழுவதும் அங்கே இருக்கும், ஏனெனில் வழங்கி அதை ஏற்கெனவே கொடுத்துவிட்டது. உலாவிக்குள்ளேயே கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் சிறு நிரல்களும் பெரும்பாலும் இத்தகையவையே. தொழினுட்பம் படிக்கும் நம் இளையோர் கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச இடங்களில் அழகான தளங்களைக் கட்டிவிட்டு, இப்படி ஒரு கடவுச்சொற் பெட்டியைச் சேர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த இலவசச் சேவை எவருக்கும் திறந்த தளத்தையே தருகிறது. பெட்டி அதன் மேல் போர்த்திய துணி மட்டுமே.

முகப்புப் பட்டியலிலிருந்து ஒரு பக்கத்துக்கான இணைப்பை எடுத்துவிடுவதும் மறைப்புத்தான். பக்கம் அதே முகவரியில் அப்படியே இருக்கும். முகவரி தெரிந்தவர் போகலாம். ஒரு தடவை வட்ஸ்அப் குழுவில் பகிரப்பட்ட முகவரி எத்தனை குழுக்களுக்குப் போய்ச் சேரும் என்பதை இங்கு எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

இன்னொன்று, தேடுபொறிகளுக்கு “இங்கே வரவேண்டாம்” என்று எழுதிவைக்கும் ரோபோட்ஸ் கோப்பு. 1994 இல் மார்ட்டைன் கொஸ்டர் என்பவர் முன்மொழிந்த இந்த ஏற்பாடு ஒரு வேண்டுகோள் மாத்திரமே. கூகுள் போன்ற ஒழுங்கான தேடுபொறிகள் அதை மதிக்கும். மற்றவை மதிக்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அதைவிடக் கவலைக்குரிய விடயம், அந்தக் கோப்பை எவரும் திறந்து வாசிக்கலாம் என்பது. அதற்குள் “இரகசியப் பட்டியல்” என்ற கோப்புறையின் பெயரை எழுதிவைப்பது, பெட்டகம் எந்த அறையில் இருக்கிறது என்று வாசலில் எழுதுவதற்குச் சமம்.

இதுவரை சொன்னதன் சாரம் இது: உள்ளடக்கத்தை அனுப்புவதற்கு முன் வழங்கி முடிவெடுத்தால் அது பூட்டு, அனுப்பிய பின் உலாவியில் மூடிவைத்தால் அது மறைப்பு. எந்த ஏற்பாட்டைப் பற்றி யார் சொன்னாலும், “முடிவெடுப்பது எங்கே?” என்று ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

வாசலில் கேட்கப்படும் இரண்டு கேள்விகள்

வழங்கி முடிவெடுக்கும்போது இரண்டு கேள்விகளுக்கு விடை காண்கிறது. “நீங்கள் யார்?” என்பது முதலாவது, இதை அடையாள உறுதிப்பாடு என்பர். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இதற்கானவை. “இதைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டா?” என்பது இரண்டாவது, இது அனுமதி. இரண்டும் ஒன்றல்ல. கூட்டுறவுச் சங்கத்தில் எல்லா அங்கத்தவரையும் முகாமையாளருக்குத் தெரியும்; ஆனால் காசுப் பெட்டியைத் திறக்கும் உரிமை எல்லாருக்கும் இல்லை. இணையத்தில் சில வேளைகளில் 401 அல்லது 403 என்ற எண்ணுடன் ஒரு வெற்றுப் பக்கம் வருவதைக் கண்டிருப்பீர்கள். 401 என்றால் “யாரென்று இன்னும் தெரியவில்லை” என்று பொருள். 403 என்றால் “நீங்கள் கேட்பதைத் தர முடியாது” என்று பொருள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. வழங்கிக்கு ஞாபகம் கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டவரும் அடுத்த நொடியில் இன்னொரு பக்கத்தைக் கேட்பவரும் ஒருவரே என்பது அதற்குத் தானாகத் தெரியாது. அப்படியாயின் ஒவ்வொரு சொடுக்குக்கும் கடவுச்சொல் கேட்கவேண்டும் அல்லவா?

வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் என்ன செய்கிறார்கள்? பதிவிடத்தில் ஒரு தடவை பெயரைச் சொன்னால் ஒரு துண்டு தருவார்கள். வைத்தியரிடமும் மருந்து கொடுக்கும் யன்னலிலும் அந்தத் துண்டைக் காட்டினாற் போதும். மறுபடி பெயர், வயது, ஊர் என்று சொல்லவேண்டியதில்லை. உள்நுழைந்தவுடன் வழங்கி உலாவிக்குக் கொடுக்கும் அத்தகைய துண்டுக்குக் குக்கி என்று பெயர். 1994 இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டுலி இதை உருவாக்கினார். உலாவி ஒவ்வொரு கேள்வியுடனும் அந்தத் துண்டைச் சேர்த்து அனுப்பும். வழங்கி துண்டைப் பார்த்து ஆளை அறியும்.

துண்டு யார் கையில் இருக்கிறதோ அவரே அங்கத்தவர். ஆகவே தொடர்பு நிலையத்துக் கணினியில் வேலை முடிந்ததும் வெளியேறவேண்டும் என்று சொல்வது சம்பிரதாயத்துக்காக அன்று. வெளியேறும்போதுதான் அந்தத் துண்டு கிழிக்கப்படுகிறது. அதே காரணத்துக்காகவே வழங்கிக்கும் உலாவிக்கும் இடையிலான பாதை மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும், அதாவது இடையில் இருப்பவர் வாசிக்க முடியாதவாறு எழுத்துகள் மாற்றப்பட்டிருக்க வேண்டும். முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்குவது அதன் அடையாளம். ஒரு காலத்தில் இதற்கான சான்றிதழை ஆண்டுதோறும் பணம் கொடுத்து வாங்கவேண்டியிருந்தது. 2015 டிசெம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சேவை அதை இலவசமாகத் தருகிறது. இன்றும் அதற்கென்று தனியாகப் பணம் கேட்பவரிடம், எதற்காக என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வேலிப்பொட்டு

செயலாளரின் பட்டியலுக்கு வருவோம். பக்கம் பூட்டியிருந்தது, பட்டியல் திறந்திருந்தது. இது எப்படி நேர்ந்தது?

அந்தத் தளம் வேர்ட்பிரஸில் இயங்கியது. வேர்ட்பிரஸ் என்பது 2003 இல் வெளியான, இலவசமாகக் கிடைக்கும், இணையத்தளங்களை நடத்துவதற்கான மென்பொருள். நம் பகுதிச் சங்கங்களின் தளங்களில் நான் அதிகம் காண்பதும் அதுவே. ஒரு பக்கத்தை எழுதும்போது “கடவுச்சொல்லால் பாதுகாக்கப்பட்டது” என்று தெரிவுசெய்ய அதில் வசதி உண்டு. அதைத் தெரிவுசெய்தால் வேர்ட்பிரஸ் அந்தப் பக்கத்தின் எழுத்தைக் கடவுச்சொல் இல்லாமல் கொடுக்காது. இது உண்மையான பூட்டு. ஆனால் அந்தப் பக்கத்தில் இணைக்கப்படும் படமும் பிடிஎஃப் கோப்பும் வேறோர் இடத்தில், அப்லோட்ஸ் என்ற கோப்புறையில், ஆண்டும் மாதமும் இட்ட உறைகளுக்குள் போய் அமர்கின்றன. அந்தக் கோப்பின் நேரடி முகவரியை ஒருவர் கேட்டால், வழங்கி அந்தக் கேள்வியை வேர்ட்பிரஸிடம் கொடுப்பதே இல்லை. கோப்பைத் தானே எடுத்து நீட்டிவிடுகிறது. கடவுச்சொல் கேட்கவேண்டியவர் வேர்ட்பிரஸ். அவரை எவரும் கேட்கவில்லை.

வளவைச் சுற்றிக் கதியால் நட்டு, கிடுகு வைத்து இறுக்கி, படலைக்கும் பூட்டுப் போட்டிருக்கிறோம். பின்பக்கத்து வேலியில் ஒரு பொட்டு இருக்கிறது. கோழி போய் வந்து, பிறகு நாய் போய் வந்து, அது ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஆகிவிட்டது. படலைப் பூட்டை எத்தனை தரமானதாக மாற்றினாலும் அந்தப் பொட்டு அடைபடப் போவதில்லை. இணைக்கப்பட்ட கோப்புகள் நம் தளங்களின் வேலிப்பொட்டு. ஒரு மாதத்துக்கு முன்னர் அந்தப் பிடிஎஃபுக்கான இணைப்பு சில நாள்கள் முகப்பில் இருந்திருக்கிறது. அப்போது கூகுள் அதைக் கண்டு குறித்துக்கொண்டுவிட்டது. பிறகு இணைப்பை எடுத்துப் பூட்டிய பக்கத்துக்கு மாற்றினார்கள். கோப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

இதை அடைக்கப் பல வழிகள் உண்டு. எல்லாவற்றிலும் எளியது, பட்டியலைக் கோப்பாக இணைக்காமல் பூட்டிய பக்கத்துக்குள்ளேயே அட்டவணையாக எழுதிவிடுவது. அப்போது எழுத்து வேர்ட்பிரஸின் காவலுக்குள் வந்துவிடுகிறது. கோப்பாகத்தான் கொடுக்கவேண்டுமாயின், வழங்கி மட்டத்திலேயே ஒரு கோப்புறை முழுவதையும் பூட்டலாம். வாடகை வழங்கிகள் பலவற்றில் சீபனல் என்ற கட்டுப்பாட்டுப் பலகை இருக்கிறது. அதிலுள்ள டைரக்டரி பிரைவசி என்ற தெரிவு ஒரு கோப்புறைக்குப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இட உதவும். இந்தப் பூட்டு வேர்ட்பிரஸுக்கு வெளியே, வழங்கியின் வாசலிலேயே தொங்குகிறது. ஆகவே அந்தக் கோப்புறைக்குள் இருக்கும் பக்கம், படம், பிடிஎஃப் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். தோற்றத்தில் அழகில்லை, சாம்பல் நிறப் பெட்டி ஒன்று எழும்பிக் கடவுச்சொல் கேட்கும். ஆனால் மேலதிகச் செலவு எதுவும் இல்லாமல் கிடைக்கும் பூட்டுகளில் இதைவிட நம்பகமானது சிறிய சங்கத்துக்குக் கிடைப்பது அரிது. கடவுச்சொல் இந்த முறையில் மறைகுறியாக்கம் செய்யப்படாமலே பயணிப்பதால், எச்டிடிபிஎஸ் இல்லாத தளத்தில் மட்டும் இதைப் பயன்படுத்தவேண்டாம்.

கோப்பின் பெயரை நீளமான, ஊகிக்க முடியாத எழுத்துகளாக மாற்றிவிட்டால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. அது பொட்டின் முன்னால் ஒரு கிளுவம் கொப்பை வைப்பது போன்றது. சற்றுக் கடினமாகும், அடைபடாது.

செலவு குறைந்த வழிகள்

தளப் பெயருக்கும் வழங்கி வாடகைக்கும் நாம் எப்படியும் பணம் கொடுக்கிறோம். அதற்கு மேல் பூட்டுக்கென்று ஒரு ரூபாயும் கொடுக்காமல் செய்யக்கூடியவை பல இருப்பதால், எது இலவசம் என்பதை விட, எத்தனை அங்கத்தவர், என்ன கொடுக்கப் போகிறோம், யார் பராமரிப்பார் என்ற கேள்விகளே தெரிவைத் தீர்மானிக்க வேண்டும்.

பத்து இருபது பேர் கொண்ட நிருவாக சபைக்குக் கூட்டக் குறிப்புகளும் கணக்கறிக்கையும் பகிர்வதற்கு இணையத்தளமே தேவையில்லை என்பது என் கருத்து. கூகுளின் இணையக் கோப்புச் சேமிப்பிடமான டிரைவில் ஒரு கோப்புறையைத் திறந்து, குறிப்பிட்ட மின்னஞ்சல் முகவரிகளுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் வேலை முடிந்தது. ஒரு கணக்குக்கு 15 ஜிகாபைட் இடம் இலவசம். “இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்” என்ற தெரிவை மட்டும் தொடக்கூடாது. அது பூட்டன்று, மறைப்பு. கூகுள் சைட்ஸில் கட்டும் சிறு தளத்தையும் இவ்வாறே குறிப்பிட்டவருக்கு மட்டும் திறக்கலாம். அதிலும் ஒரு பொட்டு உண்டு: தளத்தில் பதிக்கப்படும் டிரைவ் கோப்புக்கு அதற்கென்று தனி அனுமதி இருக்கிறது, தளத்தைப் பூட்டினாலும் அது தானாகப் பூட்டப்படாது.

கல்வி நிலையங்களுக்கு என் முதல் பரிந்துரை மூடில். 2002 இல் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்ட்டின் டூகியாமஸ் வெளியிட்ட இந்த இலவச மென்பொருளின் மேல்தான் நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் கற்றல் தளங்கள் இயங்குகின்றன. பாடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சேர்க்கைச் சொல்லை இட்டு, வகுப்பில் அதை வாயால் சொன்னால், மாணவர்கள் தாமே பதிந்துகொள்வார்கள். மூடிலின் சிறப்பு, பாடத்தில் இணைக்கும் கோப்புகளையும் அது அனுமதியைச் சரிபார்த்தே கொடுக்கும் என்பது. மேலே சொன்ன வேலிப்பொட்டு அதில் இல்லை. அதன் கைபேசிச் செயலியில் பாடத்தை இறக்கிவைத்து, இணைப்பு இல்லாத வேளையிலும் வாசிக்கலாம். ஒட்டுசுட்டானுக்கு உள்ளேயும் நெடுங்கேணிப் பக்கமும் சமிக்ஞைக்காகக் கைபேசியை உயர்த்திப் பிடிக்கும் பிள்ளைகளுக்கு இது சிறிய வசதி அன்று. நிறுவுவதற்குச் சற்று அறிவு வேண்டும், மிக மலிவான வழங்கியில் அது தளர்ந்து நடக்கும் என்பவை அதன் குறைகள்.

ஏற்கெனவே வேர்ட்பிரஸில் தளம் இருக்கிறது, அங்கத்தவர் நூறு இருநூறு பேர், ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வேண்டும் என்றால், அதற்கான செருகுநிரல் ஒன்றைச் சேர்க்கலாம். செருகுநிரல் என்பது மென்பொருளுக்குப் புதிய திறனைச் சேர்க்கும் துணைப் பகுதி. அல்டிமேட் மெம்பர், சிம்பிள் மெம்பர்ஷிப், பெய்ட் மெம்பர்ஷிப்ஸ் புரோ ஆகியவற்றின் அடிப்படைப் பதிப்புகள் இலவசம். பதிவுசெய்பவரைச் செயலாளர் பார்த்து ஏற்ற பின்னரே கணக்கு உயிர் பெறும் வகையில் அமைக்க முடிவதைத் தேர்ந்தெடுங்கள். சிறிய ஊரில் யார் அங்கத்தவர் என்பதை எந்த மென்பொருளையும் விடச் செயலாளர் நன்றாக அறிவார்.

அங்கத்தவர் 50 பேருக்குள் என்றால் கிளவுட்பிளேரின் அக்சஸ் என்ற சேவையையும் எண்ணிப் பார்க்கலாம். அந்த எண்ணிக்கை வரை அதற்குக் கட்டணம் இல்லை. தளத்தின் முன்னால் ஒரு காவலாளியை நிறுத்துவது போல அது செயற்படும். வருபவரின் மின்னஞ்சலுக்கு ஒரு தடவை மட்டும் செல்லுபடியாகும் குறியீட்டை அனுப்பி, அதைச் சரியாகச் சொன்னவரை மட்டும் உள்ளே விடும். கோப்புகளுக்கும் அதே காவல். கடவுச்சொல்லை நினைவில் வைக்கவேண்டியதும் இல்லை.

சுருக்கமாகச் சொன்னால்: சிறு குழுவுக்கு டிரைவ் அல்லது கோப்புறைப் பூட்டு, வகுப்புக்கு மூடில், தனிக் கணக்குகள் தேவைப்படும் சங்கத்துக்கு வேர்ட்பிரஸும் ஒரு செருகுநிரலும். இவற்றில் எதிலும் மென்பொருளுக்குப் பணம் இல்லை. செலவாவது ஒருவருடைய நேரம். அதைத்தான் சங்கங்கள் கணக்கிலெடுக்க மறக்கின்றன.

சாவி யாரிடம்?

அந்தக் கமக்கார அமைப்பில் இன்னொன்றும் நடந்திருந்தது. தளத்தில் கணக்குத் திறந்த அங்கத்தவர் எல்லாருக்கும் முதற் கடவுச்சொல்லாக அவரவர் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்திருந்தார்கள். பெரும்பாலானோர் அதை மாற்றவில்லை. அந்த இலக்கங்கள்தாம் திறந்து கிடந்த பிடிஎஃபில் ஐந்தாவது நிரலில் இருந்தவை. பட்டியலை எடுத்தவருக்குச் சாவிக்கொத்தும் சேர்ந்தே கிடைத்திருக்கும்.

அடையாள அட்டை இலக்கம் வெறும் எண்ணன்று. பழைய 9 இலக்க அட்டையில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களாயின் அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். 2016 இலிருந்து வழங்கப்படும் 12 இலக்க அட்டையில் ஆண்டு நான்கு இலக்கங்களில் வருகிறது. ஆகவே இலக்கத்தைப் பார்த்தவர் பிறந்த நாளையும் ஆணா பெண்ணா என்பதையும் அறிந்துவிடுகிறார். இதைக் கடவுச்சொல்லாகக் கொடுக்கவே கூடாது. தொலைபேசி இலக்கமும் அவ்வாறே.

நல்ல கடவுச்சொல் குழப்பமானதாக இருக்கவேண்டியதில்லை. நீளமானதாக இருந்தால் நல்லது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால், வயதானவரும் நினைவில் வைத்திருப்பார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்லி வற்புறுத்துவதையும் கைவிடலாம். அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய நிறுவனமே 2017 இல் வெளியிட்ட வழிகாட்டலில் அப்படிக் காரணமின்றி மாற்றச் சொல்வதைத் தவிர்க்குமாறு கூறியது. வற்புறுத்தினால் மக்கள் பழைய சொல்லின் இறுதியில் ஒரு எண்ணைத்தான் கூட்டுகிறார்கள்.

ஒழுங்கான மென்பொருள் கடவுச்சொல்லை அப்படியே சேமித்துவைப்பதில்லை. நெல்லைக் குற்றி மாவாக்கினால், மாவிலிருந்து நெல்லை மீளப் பெற முடியாது; அதுபோல, திருப்ப முடியாத ஓர் எழுத்துக்கோவையாக அதை அரைத்து வைக்கிறது. இதற்கு ஹேஷ் என்று பெயர். நீங்கள் உள்நுழையும்போது தருவதையும் அதே ஆலையில் அரைத்து, மாவும் மாவும் ஒன்றா என்று பார்க்கிறது. எனவே “கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்” என்றால் நல்ல தளம் புதியதை இடச் சொல்லும்; பழையதையே எடுத்து அனுப்பும் தளம் அதை அரைக்காமல் வைத்திருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.

மறந்துவிட்ட கடவுச்சொல்லை மீட்க மின்னஞ்சல் வேண்டும் என்பதுதான் வன்னியில் பெரிய இடர்ப்பாடு. இங்கே பலருடைய ஜீமெயில் கணக்கு, கைபேசி வாங்கிய நாளில் கடைக்காரப் பையன் திறந்து கொடுத்தது. அதன் கடவுச்சொல் அந்தப் பையனுக்கும் இன்று ஞாபகம் இல்லை. இத்தகைய அங்கத்தவருக்கு மின்னஞ்சலை நம்பிய எந்த ஏற்பாடும் பயன்படாது. மாதக் கூட்டத்துக்கு வரும்போது செயலாளர் ஆளை நேரில் பார்த்துப் புதிய சொல்லை இட்டுக் கொடுப்பதே நல்லது. பாதுகாப்பிலும் அது குறைந்த முறையன்று. விலகிய அங்கத்தவரின் கணக்கை அதே கூட்டத்திலேயே மூடிவிடலாம். எல்லாருக்கும் பொதுவான ஒரே கடவுச்சொல்லாயின், ஒருவர் விலகும்போது எல்லாருக்கும் புதிய சொல் கொடுக்கவேண்டியிருக்கும். அங்கத்தவர் தொகை கூடும்போது தனிக் கணக்குத் தேவைப்படுவது இதனாலேயே.

எந்தப் பூட்டும் செய்ய முடியாத ஒன்றுண்டு. உள்ளே வந்த அங்கத்தவர் திரையைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போடுவதைத் தடுக்க முடியாது. ஆகவே பூட்டுவதற்கு முன்னர் எதை ஏற்றுகிறோம் என்று பார்க்கவேண்டும். பங்குப் பட்டியலில் பெயரும் ஏக்கரும் போதும். வங்கிக் கணக்கும் அடையாள அட்டையும் செயலாளரின் கொப்பியில் இருக்கட்டும். மற்றவரின் விபரங்களை வைத்திருப்பவருக்கு அவற்றைக் காக்கும் கடமை உண்டு என்பதை 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்க, இடம்பெயர்ந்து, பதிந்து, மறுபடி பதிந்து, எத்தனையோ படிவங்களில் தம் பெயரையும் இலக்கத்தையும் எழுதிக் கொடுத்த மக்கள் இவர்கள். இன்னொரு பட்டியலிலும் அவர்களைத் திறந்து வைப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

நீங்களே சோதித்துப் பார்க்க

உங்கள் தளத்தின் பூட்டைச் சோதிக்க அரை மணி நேரம் போதும். முதலில் அங்கத்தவராக உள்நுழைந்து, உள்ளே இருக்கும் பிடிஎஃப் ஒன்றையோ படத்தையோ திறந்து, அதன் முகவரியைப் பிரதிசெய்யுங்கள். பிறகு, ஒரு தடவையும் அந்தத் தளத்தைத் திறக்காத இன்னொருவரின் கைபேசியில் அதை ஒட்டுங்கள். அயலவருடைய கைபேசி கிடைக்காவிட்டால், உலாவியின் மறைநிலைச் சாளரம் உதவும். அதில் பழைய குக்கிகள் இருக்காது. கோப்புத் திறந்தால் உங்கள் வேலியில் பொட்டு இருக்கிறது. அதன் பின் கூகுளில் சங்கத்தின் பெயருடன் ஓர் அங்கத்தவரின் பெயரைச் சேர்த்துத் தேடிப் பாருங்கள். அடுத்ததாக, விலகிய ஒருவரின் பழைய கணக்கால் அவருடைய சம்மதத்துடன் உள்நுழைய முயன்று பாருங்கள்.

நாங்கள் அன்றே அந்தக் கோப்பை நீக்கினோம். இரண்டு நிரல்களை வெட்டிவிட்டுப் புதிய பட்டியலைப் பூட்டிய பக்கத்துக்குள் அட்டவணையாக எழுதினோம். எல்லா அங்கத்தவரின் கடவுச்சொல்லையும் மாற்றினோம். கூகுளின் தேடல் முடிவில் மட்டும் கோப்பின் தலைப்பும் இரண்டு வரிகளும் தொடர்ந்து தெரிந்தன, ஏனெனில் அது தான் முன்னர் கண்டதை வைத்துக்கொண்டிருந்தது. தளத்தின் உரிமையாளர் என்பதை நிறுவி, சேர்ச் கொன்சோல் என்ற கூகுளின் இலவசக் கருவியில் நீக்கல் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அந்த நீக்கம் ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு மட்டுமே. அதற்குள் கூகுள் மறுபடி வந்து கோப்பு இல்லை என்பதைக் கண்டால், நிரந்தரமாக மறந்துவிடும்.

சில நாள்கள் கழித்துச் செயலாளர் தகப்பனாரின் பெயரையும் ஊரின் பெயரையும் மீண்டும் தேடியிருக்கிறார். ஊரின் பெயருக்கு, வாய்க்கால் வாரியாகத் தண்ணீர் திறக்கும் நாள்களின் அட்டவணை மட்டும் வந்ததாகத் தொலைபேசியில் சொன்னார். அது எல்லாரும் பார்க்கவேண்டியது. அந்தப் பக்கத்தைத் திறந்துதான் வைத்திருக்கிறோம்.